ஐம்பது பேரின் கையெழுத்து

நம்மைப் போன்ற சங்கங்களுக்கு அவ்வப்போது ஒரு கடிதம் வருவதுண்டு. "இந்த மாநிலத்தில் உள்ள தொண்டு ஸ்தாபனங்கள், சமூக சங்கங்கள் அனைத்தையும் ஒன்றுசேர்த்து ஒரு கூட்டமைப்பு நடத்தி வருகிறோம். தங்கள் சங்கமும் இதில் அங்கம் வகிக்க வேண்டும். ஆண்டுச் சந்தா இவ்வளவு" என்று எழுதியிருக்கும். காரியதரிசி அதை நிர்வாகக் குழுவில் வாசிப்பார். "அதில் சேர்ந்து நமக்கு என்ன ஸார் பிரயோஜனம்?" என்று ஒருவர் கேட்பார். "நம் சார்பில் பேச இவர்களை யார் நியமித்தார்கள்?" என்று இன்னொருவர் கேட்பார். பிறகு காபி வரும். கடிதம் கோப்புக்குள் போய்விடும்.

இந்த இரண்டு கேள்விகளும் நியாயமானவை. அவை புதியவையும் அல்ல. நாம் குடியேறி வாழும் இந்த மகாராஷ்டிரத்தில், புனே நகரில், 1870ஆம் ஆண்டிலேயே இவற்றுக்கு விடை தேடிய பெரியவர்கள் இருந்தார்கள். நம் சென்னைப் பட்டணத்திலும் 1884இல் அந்த முயற்சி நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு டில்லியில் அது வேறு வேறு வடிவம் எடுத்தது. சங்கங்களுக்கு ஒரு சங்கம் எதற்கு என்பதன் கதை இது. நம் சங்கத்தின் வாழ்வோடும் தொடர்புள்ளதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பர்வதி மலைக் கோயில்

புனேயில் பர்வதி குன்றின் படிகளை ஏறாத அங்கத்தினர் நம்மில் குறைவு. நானாசாகேப் பேஷ்வா 1749இல் கட்டுவித்த தேவதேவேஸ்வரர் ஆலயம் அங்கே இருக்கிறது. பேஷ்வாக்களின் ஆட்சி 1818இல் முடிந்த பிறகும் அந்தத் தேவஸ்தானம் நடந்துகொண்டிருந்தது. அதை நிர்வகித்த பஞ்சாயத்தார் மீது 1860களின் கடைசியில் ஊரில் பலமான அதிருப்தி எழுந்தது. கோயில் காரியங்கள் ஒழுங்காக நடக்கவில்லை என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் ஊர் முழுவதன் சார்பிலும் நின்று பேச, அதிகாரம் பெற்ற ஆள் ஒருவரும் இல்லை. கோயிலில் கோளாறு என்று பத்துப் பேர் சொன்னால், அது பத்துப் பேரின் அபிப்பிராயம் என்று தள்ளிவிடலாம் அல்லவா?

இந்த இடத்தில்தான் கணேஷ் வாசுதேவ் ஜோஷி என்ற வக்கீல் முன்வந்தார். சாதாராவில் 1828இல் பிறந்தவர். புனேயில் 1867 முதலே ஒரு பொதுச் சங்கம் இருந்தது; ஆயினும் அது வேண்டிய பலம் பெற்றிருக்கவில்லை. 1870ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி, பூனா சார்வஜனிக் சபை என்ற பெயரில் புதிய சபை உதயமாயிற்று. ஔந்த் சமஸ்தானத்தின் அதிபரான பந்த் பிரதிநிதி அதன் முதல் தலைவர். ஜோஷிக்கு ஊரார் இட்ட பெயர் 'சார்வஜனிக் காகா', அதாவது எல்லோருக்கும் சித்தப்பா.

இந்தச் சபையின் விதிகளில் ஒன்று மிகவும் விசேஷமானது. சந்தா கட்டினால் மட்டும் யாரும் சபையின் அங்கத்தினர் ஆகிவிட முடியாது. "எங்கள் சார்பில் பேச இவருக்கு அதிகாரம் கொடுக்கிறோம்" என்று குறைந்தது 50 பேர் கையெழுத்திட்ட முக்தியார்நாமா ஒன்றை அவர் கொண்டுவர வேண்டும். முக்தியார்நாமா என்பது கோர்ட்டில் வக்கீலுக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் போன்றது. வக்கீலான ஜோஷிக்கு அது பழக்கமான காகிதம்தான். கட்சிக்காரர் கையெழுத்து இல்லாமல் வக்கீல் வாதாட முடியாது. அதுபோல ஜனங்களின் கையெழுத்து இல்லாமல் பொதுக்காரியஸ்தர் பேசக் கூடாது என்று அவர் நினைத்தார் போலும்.

தொடக்கத்தில் சபையில் 95 பிரதிநிதிகள் இருந்தார்கள். ஆளுக்கு 50 கையெழுத்து என்றால் 4,750 பேரின் சம்மதம் போதும். ஆனால் கிடைத்ததோ ஏறத்தாழ 6,000 பேரின் சம்மதம். வோட்டுரிமை என்ற பேச்சே எழாத காலத்தில், அரசாங்கம் கேட்காமலேயே, தாங்களாக வைத்துக்கொண்ட தேர்தல் இது என்று சொல்லலாம். "உங்களை யார் நியமித்தார்கள்?" என்று கலெக்டர் கேட்டால் எடுத்து நீட்டுவதற்குக் கையில் காகிதம் இருந்தது.

குரல் கொடுத்தார்கள், தோளும் கொடுத்தார்கள்

1871 நவம்பரில் மகாதேவ கோவிந்த ரானடே புனேக்கு மாற்றலாகி வந்தார். அரசாங்க உத்தியோகத்தில் சப் ஜட்ஜாக இருந்த அவர் சபையின் மூளையாகவே ஆனார். வெறுமனே மகஜர் எழுதினால் போதாது. விவரம் சேகரித்து, கணக்குப் போட்டு, ஆதாரத்தோடு பேச வேண்டும் என்பது அவர் கொள்கை. குடியானவர்களின் நிலையைப் பற்றிச் சபை தானே விசாரணை நடத்தியது. 1878 முதல் ஆங்கிலத்தில் ஒரு காலாண்டிதழையும் வெளியிட்டது. நம் இதழும் காலாண்டிதழ் என்பதால் இதைச் சந்தோஷத்தோடு குறிப்பிடுகிறேன். பிற்பாடு அந்த இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்ற இளைஞர் கோபால கிருஷ்ண கோகலே.

1876 முதல் 1878 வரை தக்காணத்தையும் நம் சென்னை ராஜதானியையும் வாட்டிய தாது வருஷப் பஞ்சம் பற்றி நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். அப்போது சபை கிராமங்களுக்கு ஆட்களை அனுப்பியது. எந்தத் தாலுகாவில் என்ன நிலை, நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்று திரட்டி, அறிக்கை அறிக்கையாக அரசாங்கத்துக்கு எழுதியது. நிவாரண வேலை செய்பவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் என்று ஸர் ரிச்சர்டு டெம்பிள் குறைத்த அளவை, உழைக்கும் உடம்புக்கு இது போதாது என்று சபை எதிர்த்தது.

1877 ஜனவரியில் டில்லி தர்பார் நடந்தபோது, மகாராஜாக்களின் பட்டுக்கும் பீதாம்பரத்துக்கும் நடுவே ஜோஷி கையால் நூற்ற கதர் உடுத்திப் போய், சபையின் சார்பில் கலந்துகொண்டார். காந்தியடிகளுக்கு அப்போது ஏழு வயது. 1879இல் வாசுதேவ் பல்வந்த் பட்கே மீது ராஜத்துரோக வழக்கு நடந்தபோது, வேறு வக்கீல்கள் தயங்கிய நிலையில், அவருக்காக வாதாட முன்வந்தவரும் இவரே. 1880இல் ஜோஷி காலமானார்.

ஒரு கூட்டமைப்பு செய்ய வேண்டியது இரண்டு காரியங்கள். ஒன்று தோள் கொடுப்பது. அதாவது, சிறியவர்களுக்கு விவரம், பயிற்சி, பணம், தைரியம் என்று எது குறைகிறதோ அதைத் தந்து உதவுவது. மற்றது குரல் கொடுப்பது; அதாவது, அவர்கள் சார்பில் அதிகாரத்திடம் பேசுவது. பூனா சபை இரண்டையும் செய்தது. அதனால் வந்த சோதனையையும் சொல்ல வேண்டும்.

அங்கீகாரம் போன கதை

1895இல் சபையின் நிர்வாகக் குழுவைத் திலகரின் அணி கைப்பற்றியது. ரானடேயும் கோகலேயும் விலகினார்கள். 1896இல் டெக்கான் சபை என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார்கள். சங்கத் தேர்தலில் தோற்றவர்கள் புதிய சங்கம் தொடங்கும் வழக்கம் நம்மவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டிருந்தால், அது சரியல்ல என்று தெரிகிறது!

அதே சமயம் மறுபடியும் பஞ்சம் வந்தது. பஞ்ச காலத்தில் குடிகளுக்கு என்னென்ன சலுகை தர வேண்டும் என்று அரசாங்கமே எழுதி வைத்திருந்த பஞ்சச் சட்டத்தொகுப்பை, திலகர் தலைமையிலான சபை ஊர் ஊராகப் போய்க் குடியானவர்களுக்கு எடுத்துச் சொன்னது. "விளைச்சல் இல்லாதபோது தீர்வை தள்ளுபடி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு" என்றது. சட்டத்தில் இருப்பதைத்தான் சொன்னார்கள். ஆனால் 1897 மார்ச்சில் பம்பாய் அரசாங்கம், பொது விஷயங்களைப் பற்றி அரசாங்கத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியுள்ள ஸ்தாபனமாகச் சார்வஜனிக் சபையை இனி ஏற்க முடியாது என்று உத்தரவு போட்டுவிட்டது.

சபையை அரசாங்கம் கலைக்கவில்லை. யாரையும் பூட்டி வைக்கும் உத்தரவும் அல்ல அது. "நீ பேசினால் இனி நான் கேட்க மாட்டேன்" என்பதுதான் அதன் சாரம். 27 வருஷம் சேர்த்த மதிப்பு ஒரு காகிதத்தில் போயிற்று. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. கேட்கும் உரிமையை அரசாங்கம் தந்தது என்றால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அரசாங்கத்தால் முடியும். ஜனங்கள் போட்ட கையெழுத்தை மட்டும் எந்த உத்தரவாலும் அழிக்க முடியாது.

வெளியே நின்றவர் கேட்ட கேள்வி

இந்தக் கதையில் நாம் சற்று நிதானித்துப் படிக்க வேண்டிய பகுதியும் உண்டு. சபையில் சர்தார்களும் ஜாகீர்தார்களும் வணிகர்களும் இருந்தார்கள் என்றாலும், அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் புனேயின் படித்த பிராமணர்கள். அதே ஊரில் 1873இல் சத்யசோதக் சமாஜத்தை நிறுவிய ஜோதிராவ் புலே, 'சார்வஜனிக்' என்று பெயர் வைத்துவிட்டால் போதுமா, உழுபவர்களும் ஒடுக்கப்பட்டவர்களும் இதில் எங்கே என்ற பொருளில் சபையைக் கடுமையாக விமர்சித்தார்.

நம் சமூக இதழில் இதை எழுதக் கூச வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஜோஷியும் ரானடேயும் செய்த தியாகம் இதனால் குறைந்துவிடாது. குடியானவனுக்காகப் பஞ்ச காலத்தில் உண்மையாகவே உழைத்த சபை அது. ஆனால் குடியானவனுக்காகப் பேசுவது வேறு. குடியானவனே உட்கார்ந்து பேச இடம் கொடுப்பது வேறு. 6,000 கையெழுத்து பெரிய விஷயம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் அதைவிடப் பெரிய கூட்டம். பிரதிநிதித்துவம் என்று சொல்லிக்கொள்ளும் எந்த அமைப்புக்கும் புலேயின் கேள்வி இன்றும் பொருந்தும்; நமக்கும் சேர்த்துத்தான்.

சென்னை மகாஜன சபை

பூனா சபையில் ஆள் ஆளாகச் சேர்ந்தார்கள். சங்கங்களையே ஒன்றுசேர்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு பிறந்தது சென்னை மகாஜன சபை. 1884 மே மாதம் ம. வீரராகவாச்சாரியார், ஜி. சுப்பிரமணிய ஐயர், ப. அனந்தாசார்லு ஆகியோர் முன்னின்று இதை அமைத்தார்கள். முதல் தலைவர் ப. ரங்கையா நாயுடு.

இவர்களில் சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும், 1878இல் ஆறு இளைஞர்களாகச் சேர்ந்து 80 பிரதிகளோடு 'தி ஹிந்து' பத்திரிகையைத் தொடங்கியவர்களில் அடங்குவர். 1882இல் 'சுதேசமித்திரன்' வந்தது. பத்திரிகை நடத்தியதால் வெளியூர்களோடு அவர்களுக்குக் கடிதப் போக்குவரத்து இருந்தது. அந்த ஊர்களில் வக்கீல்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் மிராசுதார்களும் சேர்ந்து சிறு சிறு சங்கங்கள் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே மகஜர் எழுதிக்கொண்டிருந்தது. தனித்தனியே பதில் வராமலும் இருந்தது. இந்த உள்ளூர்ச் சங்கங்களின் முயற்சிகளை ஒருங்கிணைப்பதே மகாஜன சபையின் நோக்கம். அதே ஆண்டு டிசம்பர் கடைசியில், வெளியூர்ப் பிரதிநிதிகளும் கலந்துகொண்ட மாநாடு ஒன்றைச் சபை சென்னையில் கூட்டியது.

மறு வருஷம், 1885 டிசம்பர் 28ஆம் தேதி, இந்திய தேசிய காங்கிரஸ் பம்பாயில் கூடியது. புனேயில்தான் நடக்க இருந்தது. அங்கே காலரா பரவியதால் பம்பாய் கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரிக்கு மாற்றினார்கள். வந்திருந்த 72 பேரில் பூனா சபைக்காரர்களும் சென்னை சபைக்காரர்களும் இருந்தார்கள். அந்த முதல் மாநாட்டின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் நம் சுப்பிரமணிய ஐயர். ஆக, தேசத்தின் மிகப் பெரிய ஸ்தாபனமே தன் ஆரம்பத்தில் பல ஊர்ச் சங்கங்கள் கூடிய சங்கமாகத்தான் இருந்தது. சிறிய சங்கம்தானே என்று எதையும் அலட்சியம் செய்யக் கூடாது.

ஏழு பேர் போதும்

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் சங்கங்கள் பதிவாகியிருக்கும் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1860ஆம் வருஷத்தின் 21ஆவது சட்டம். ஏழு பேர் சேர்ந்து நோக்கத்தை எழுதிக் கையெழுத்திட்டால் சங்கம் பிறந்துவிடும். கலைக்க வேண்டுமானால் அங்கத்தினரில் ஐந்தில் மூன்று பங்கினர் சம்மதிக்க வேண்டும். கலைத்த பிறகு மிஞ்சும் சொத்தை அங்கத்தினர்கள் பங்குபோட்டுக்கொள்ள முடியாது. வேறொரு சங்கத்துக்குத்தான் தர வேண்டும். இதன்மேல் மகாராஷ்டிரத்தில் 1950ஆம் வருஷத்துப் பொது அறக்கட்டளைச் சட்டமும் உண்டு. நிர்வாகி ஒருவர் மாறினால்கூட அறநிலைய ஆணையர் அலுவலகத்தில் மாற்ற அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். நம் காரியதரிசிகளைக் கேட்டால் அந்தப் படிகளை எத்தனை முறை ஏறினோம் என்று சொல்வார்கள்.

பிறப்பது சுலபம், நிலைப்பது கஷ்டம். மத்தியப் புள்ளியியல் துறை எடுத்த கணக்கின்படி, 2008 வரை நாட்டில் பதிவானவை சுமார் 31.7 லட்சம் ஸ்தாபனங்கள். அவற்றில் பெரும்பகுதியை நேரில் தேடிப் போனபோது, கண்டுபிடிக்க முடிந்தவை 7 லட்சத்துக்குச் சற்றுக் குறைவே. மற்றவை ஏட்டில் மட்டும் வாழ்ந்தன. ஆரம்பித்தவர் உற்சாகத்தில் ஆரம்பித்தார்; கணக்கு எழுதவும், வருமான வரிப் படிவம் பூர்த்தி செய்யவும், அடுத்த தலைமுறையைச் சேர்க்கவும் வழிகாட்ட ஆளில்லாமல் பல நின்றுபோயிருக்கும். தோள் கொடுக்க ஓர் அமைப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் சொல்லத் தேவையில்லை.

மயிலாப்பூரிலிருந்து டில்லிக்கு

சுதந்திரம் வந்த பிறகு தோள் கொடுக்கும் பொறுப்பை அரசாங்கமே ஏற்க முன்வந்தது. அதற்கு வடிவம் கொடுத்தவர் துர்காபாய் தேஷ்முக். ராஜமுந்திரியில் 1909இல் பிறந்தவர். உப்பு சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர். 1937இல் சென்னை மயிலாப்பூரில் ஆந்திர மகிள சபையைத் தொடங்கியவர். ஒரு சிறு சங்கத்துக்கு வாடகை கொடுக்கவும், ஆசிரியைக்குச் சம்பளம் கொடுக்கவும் படும் பாட்டை அனுபவித்து அறிந்தவர். அரசியல் நிர்ணய சபை அங்கத்தினராகவும், பிறகு திட்டக் கமிஷன் அங்கத்தினராகவும் ஆனபோது அந்த அனுபவத்தை அவர் மறக்கவில்லை.

1953 ஆகஸ்டில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. துர்காபாய் அதன் முதல் தலைவி. தொண்டு ஸ்தாபனங்களுக்கு உதவ முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் 4 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1954 முதல் மாநிலங்கள்தோறும் ஆலோசனை வாரியங்கள் ஏற்பட்டன. உத்தியோகஸ்தர்கள் அல்லாத பெண்மணிகள் அவற்றுக்குத் தலைமை வகித்தார்கள். படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள் இரண்டு மூன்று வருஷங்களில் பரீட்சை எழுதித் தேறுவதற்கான சுருக்கப் பாடத்திட்டம் 1958இல் வந்தது. அதை நடத்தியவை ஊர் ஊராக இருந்த சிறிய மாதர் சங்கங்கள்; பணம் வாரியத்தினுடையது. எத்தனையோ விதவைகளும் கைவிடப்பட்ட பெண்களும் நர்ஸாகவும் ஆசிரியையாகவும் ஆனார்கள். நம் குடும்பங்களில்கூட இப்படித் தலைநிமிர்ந்த ஓர் அத்தையோ சித்தியோ இருந்திருக்கலாம்.

தோள் கொடுக்கும் வேலையை வாரியம் அருமையாகச் செய்தது. ஆனால் அது அரசாங்கத்தின் வாரியம். 1969இல் அது கம்பெனிச் சட்டப்படி பதிவாயிற்று. என்றாலும் பணம் வந்த இடம் மாறவில்லை. 2022 ஜூலையோடு அது மூடப்பட்டது. கிராமத் தொண்டு நிறுவனங்களுக்கு உதவ 1986இல் அமைந்த 'கபார்ட்' என்ற அமைப்பும் 2020இல் ஊரக வளர்ச்சி தேசிய நிறுவனத்தோடு இணைக்கப்பட்டு மறைந்தது. மேலிருந்து கொடுக்கப்பட்டது மேலிருந்தே எடுத்துக்கொள்ளப்பட்டது. 1897இல் அங்கீகாரத்துக்கு நேர்ந்ததுதான் இங்கே உதவிக்கு நேர்ந்தது.

தாங்களே கூடிய சங்கங்கள்

இதற்கு இணையாக, தொண்டு ஸ்தாபனங்கள் தாங்களே கூடி அமைத்தவையும் உண்டு. 1947இல் தோன்றிய இந்திய சமூகப்பணி மாநாடு, பிறகு இந்திய சமூக நலக் கவுன்சில் ஆயிற்று. ஜயப்பிரகாஷ் நாராயணின் முயற்சியோடு 1958இல் 'அவார்ட்' என்ற கிராம வளர்ச்சித் தொண்டு ஸ்தாபனங்களின் சங்கம் டில்லியில் ஏற்பட்டது. காந்தியத் தொண்டர்கள் நடத்திய சிறு ஸ்தாபனங்களுக்கு இது திட்டம் தீட்டவும் பணம் தேடவும் உதவியது.

1975 ஜூன் 25 நள்ளிரவுக்குப் பின் ஜயப்பிரகாஷ், டில்லி காந்தி சமாதான நிறுவனத்தில் கைது செய்யப்பட்டார். நெருக்கடி நிலையின்போது, 1976இல், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1982இல் நீதிபதி குடால் தலைமையில் ஒரு விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. காந்தி சமாதான நிறுவனம், சர்வ சேவா சங்கம், அவார்ட் ஆகியவற்றை அது ஐந்து வருஷம் துருவியது. 1987இல் முடிவுக்கு வந்தது. தொண்டு செய்ய வேண்டிய நாட்களில் அவர்கள் பழைய ரசீதுகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையே 1985–86இல் உள்ளுக்குள்ளேயே ஒரு சர்ச்சை மூண்டது. ராஜஸ்தான் திலோனியாவில் 1972இல் தொண்டு மையம் நிறுவிய பங்கர் ராய், தொண்டு ஸ்தாபனங்களுக்குப் பொதுவான ஒழுக்க விதிகளும், அவற்றைக் கண்காணிக்கச் சட்டபூர்வமான கவுன்சில்களும் வேண்டும் என்று யோசனை சொன்னார். தொண்டர்கள் எளிமையாக வாழ வேண்டும், கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் சட்டத்தால் ஏற்படும் கவுன்சில் நாளை அரசாங்கத்தின் கைப்பிடி ஆகிவிடாதா என்று பலர் அஞ்சினார்கள். பலமான எதிர்ப்பால் யோசனை நின்றது. அந்த விவாதத்தின் தொடர்ச்சியாக 1988இல் 'வாணி' என்ற அகில இந்திய வலையமைப்பு உருவாயிற்று. பல மாநிலங்களின் தொண்டு ஸ்தாபனங்களும் மாநில அளவுக் கூட்டமைப்புகளும் அதில் அங்கம். 2007இல் மத்திய அரசு தொண்டுத் துறைக்கான தேசியக் கொள்கையை ஏற்றது; தொண்டு ஸ்தாபனங்களின் சுதந்திரத்தை மதிக்க வேண்டும் என்பதை அது ஒப்புக்கொண்டது. இவ்வாறு ஒப்புக்கொள்ள வைப்பதற்கே, கூடிப் பேசும் குரல் ஒன்று தேவைப்பட்டது.

2020இன் பாடம்

வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010இல் புதிதாக இயற்றப்பட்டு, 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. வெளிநாட்டுப் பணம் டில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் பிரதான கிளையில் மட்டுமே வந்து சேர வேண்டும் என்றாயிற்று. இவற்றோடு மூன்றாவதாக ஒன்று: இப்படிப் பெற்ற பணத்தை வேறு எந்த ஸ்தாபனத்துக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இந்தத் திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பணம் போய்ச் சேரும் இடத்தை நேராகக் கண்காணிக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் வாதம். அதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் கூட்டமைப்புகள் இவ்வளவு காலம் செய்துவந்ததே அந்த மாற்றிக்கொடுக்கும் வேலையைத்தான். ஆங்கிலத்தில் பெரிய விண்ணப்பம் எழுதத் தெரியாத, ஆடிட்டர் வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறிய ஊர்ச் சங்கங்களுக்காக, பெரிய அமைப்பு ஒன்று பணம் பெற்று, பிரித்துக் கொடுத்து, கணக்கு எழுதவும் கற்றுக்கொடுக்கும். அந்த வழி அடைபட்டது. உள்நாட்டு நன்கொடையை நம்பும் நம்மைப் போன்ற சங்கங்களை இது நேராகத் தொடவில்லை. ஆயினும் 2021 முதல் வருமான வரி விலக்குப் பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்று விதி வந்தபோது, சிறிய சங்கங்கள் எப்படித் தடுமாறின என்பது நமக்குத் தெரியும். 2025இல் சிறிய ஸ்தாபனங்களுக்கு அந்தக் காலம் பத்து வருஷமாக நீட்டப்பட்டது. தனித்தனிச் சங்கம் எழுதும் கடிதத்துக்கு இப்படிப்பட்ட சலுகையைப் பெற்றுத் தரும் பலம் கிடையாது.

நாம் கேட்க வேண்டியவை

தொடக்கத்தில் சொன்ன அந்தக் கடிதத்துக்கு வருவோம். சேரலாமா, வேண்டாமா? ஒன்றரை நூற்றாண்டு அனுபவத்தை வைத்துப் பார்த்தால், நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று என்று தோன்றுகிறது.

முதலாவது, கையெழுத்து யாருடையது? கூட்டமைப்பின் நிர்வாகிகளை அங்கச் சங்கங்கள் தேர்ந்தெடுக்கின்றனவா, அல்லது நான்கு பிரமுகர்கள் தாங்களே உட்கார்ந்துகொண்டார்களா? ஜோஷியின் முக்தியார்நாமா இதற்கு உரைகல்.

இரண்டாவது, பணம் யாருடையது? முழுப் பணமும் ஒரே இடத்திலிருந்து வருமானால், அந்த இடத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. நாம் கட்டும் சிறிய சந்தாவின் அருமை இதில்தான் இருக்கிறது. ஐந்நூறு சங்கங்கள் ஆளுக்குக் கொஞ்சம் கட்டினால், அந்தக் கூட்டமைப்பு யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம்.

மூன்றாவது, வெளியே நிற்பவர் யார்? நம்மைப் போன்ற படித்தவர்களின் சங்கங்கள் மட்டும் கூடிக் குலாவும் இடமா அது? குடிசைப் பகுதியின் மகளிர் குழுவும், மீனவர் சங்கமும், பார்வையற்றோர் சங்கமும் நம்மோடு சரிசமமாக உட்காருகின்றனவா? இது புலேயின் கேள்வி.

மூன்றுக்கும் திருப்தியான பதில் வந்தால் சேரலாம். சந்தாவை வீண்செலவு என்று எண்ண வேண்டாம். பதில் வராவிட்டாலும் கடிதத்தைக் கோப்பில் போட்டு மூடிவிடாமல், "இவற்றைச் சரிசெய்யுங்கள், வருகிறோம்" என்று பதில் எழுதலாம்.

கூடவே இன்னொன்று. கூட்டமைப்பிடம் கேட்கும் இதே கேள்விகளை நம் சங்கமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு எத்தனை பேர் வருகிறோம்? நம் நிர்வாகக் குழுவுக்குப் பின்னால் உண்மையாகவே எத்தனை குடும்பங்களின் சம்மதம் இருக்கிறது? அடுத்த பொதுக்குழு அறிவிப்பு வரும்போது, நாட்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு வைத்துக்கொண்டு அங்கத்தினர்கள் அவசியம் வர வேண்டும். 1870இல் ஒரு வக்கீல், வீடு வீடாகப் போய் ஐம்பது பேரின் கையெழுத்தை வாங்கி வாருங்கள் என்று தம் நண்பர்களை அனுப்பினார். நம்மை யாரும் அவ்வளவு தூரம் அலையச் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் நம் கையெழுத்து ஒன்றைப் போட்டால் போதும்.